காங்கேசன்துறைத் தொகுதியும் தந்தை செல்வாவும்

இலங்கைப் பாராளுமன்றத்தில் காங்கேசன்துறை என்றொரு தொகுதி 1947ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை இருந்தது. அந்த 42 ஆண்டுகளில் அங்கு 8 பொதுத் தேர்தல்களும் ஓர் இடைத்தேர்தலும் நடைபெற்றன. அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர்கள் மூவரே. அவர்களுள் ஒருவர் 8 முறை போட்டியிட்டு 7 முறை வென்றார், ஒருமுறை தோற்றார், ஒருமுறை தாமாகவே ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்களால் தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்களே அவர்.

தொகுதிகள் சட்டத்தால் பிறக்கின்றன, சட்டத்தாலேயே மறைகின்றன. காங்கேசன்துறை இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தினுள் வாக்கெண்ணும் ஒரு பிரிவு மட்டுமே. தனக்கென ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் உரிமை அதற்கு இல்லை. எனினும் அத்தொகுதியின் வரலாற்றை அறியாமல் ஈழத்தமிழர் அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது. அந்த வரலாறு பெரும்பாலும் ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறாகவும் இருக்கின்றது. புலம்பெயர் நாடுகளில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் செல்வநாயகத்தின் பெயரை அறிவர். அவர் எதற்காக வென்றார், எதற்காகத் தோற்றார் என்பதை அறிந்தோர் குறைவு.

துறையும் செம்மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பாக்குநீரிணையை நோக்கி அமைந்தது காங்கேசன்துறை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குரிய முருகன் திருவுருவம், அதாவது காங்கேயன் திருவுருவம், வந்திறங்கிய துறை என்பதால் இப்பெயர் வந்ததென்பது மரபு. குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்னும் இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி நோய் நீங்கி மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பினாள் என்ற கதையை அப்பகுதிப் பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தனர்.

கரையோரத்தில் மயிலிட்டி போன்ற மீன்பிடி ஊர்கள், உள்ளே தெல்லிப்பழையைச் சூழ்ந்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள், நிலத்தின்கீழ் சுண்ணாம்புக்கல். தெற்கிலிருந்து வரும் புகையிரதப் பாதை முடிவடையும் இடமும் காங்கேசன்துறையே. கல்வியிலும் இப்பகுதி முன்னணியில் நின்றது. அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் தெல்லிப்பழையில் தொடங்கிய பாடசாலை பின்னாளில் யூனியன் கல்லூரி ஆயிற்று. 1910ஆம் ஆண்டில் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய பாடசாலை மகாஜனக் கல்லூரியாக வளர்ந்தது. மிசன் கல்வியும் சைவக் கல்வியும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்த மண் அது.

ஈப்போவில் பிறந்தவர்

இத்தகைய மண்ணின் பிரதிநிதியாக விளங்கியவர் அந்த மண்ணிலே பிறந்தவரல்லர். செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை. தாயார் ஹரியட் அன்னம்மா. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடி மலாயாவுக்குச் சென்றிருந்தன. ஆண்கள் அங்கே உழைக்க, பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய்மார் ஊர் திரும்புவதும் உண்டு. செல்வநாயகத்தின் குடும்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஏறக்குறைய 4 வயதில் அவர் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தந்தையார் மலாயாவிலேயே இருந்தார். கடல் கடந்த தந்தையையும், ஊரில் தனித்துப் பிள்ளை வளர்த்த தாயையும் கொண்ட குடும்பம் எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தெல்லிப்பழையில் மிசன் பாடசாலை, யாழ்ப்பாணத்தில் பரியோவான் கல்லூரி, கொழும்பு முகத்துவாரத்தில் அப்போது இருந்த புனித தோமையார் கல்லூரி என அவருடைய கல்வி தொடர்ந்தது. தோமையார் கல்லூரியில் அவர் பயின்ற காலத்தில் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அங்கே மாணவர். பிற்காலத்தில் ஓர் ஒப்பந்தத்தின் இரு பக்கங்களிலும் கையொப்பமிட இருந்தோர் ஒரே பள்ளியில் பயின்றனர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் பயின்று, இருபது வயதளவில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

தாம் படித்த தோமையார் கல்லூரியிலேயே ஆசிரியரானார். நோயுற்ற சகோதரரைப் பார்க்க விடுமுறை மறுக்கப்பட்டபோது அந்தப் பதவியை விட்டு விலகினார். பின்னர் வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே சட்டம் பயின்று 1923ஆம் ஆண்டில் அப்புக்காத்து ஆனார். பதவியைவிடத் தாம் சரியெனக் கருதியதை மேலாகக் கொள்ளும் இயல்பு அந்த இளம்வயதிலேயே வெளிப்பட்டது. 1927ஆம் ஆண்டில் தெல்லிப்பழை மணியகாரர் பார் குமாரகுலசிங்கத்தின் மகள் எமிலி கிறேஸ் அவர்களை மணந்தார். குடியியல் வழக்குகளில், சிறப்பாகக் காணி வழக்குகளில், ஆழ்ந்த புலமை பெற்று, 1947ஆம் ஆண்டில் இராணி வழக்கறிஞருக்கு அந்நாளில் ஒப்பாயிருந்த அரச வழக்கறிஞர் என்ற சிறப்புப் பதவியையும் எய்தினார்.

அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். உடல் மெலிந்தவர், குரல் தாழ்ந்தது. நீதிமன்றத்தில் சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கி வழக்கை வெல்லும் முறையே அவருடைய அரசியல் முறையாகவும் அமைந்தது.

வெற்றிடத்தில் பிறந்த தொகுதி

காங்கேசன்துறை என்ற பெயரில் ஒரு தேர்தல் தொகுதி முதன்முதலில் அமைந்தது டொனமூர் அரசியலமைப்பின்கீழ், 1931ஆம் ஆண்டில். சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபைக்கு நடைபெற்ற அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. முழுமையான சுயராச்சியத்தை அந்த அரசியலமைப்பு வழங்கவில்லை என்பதே காரணம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. வெறும் ஆசனமாகவே அத்தொகுதி தன் வாழ்வைத் தொடங்கியது.

1934ஆம் ஆண்டில் அந்த வெற்றிடங்கள் நிரப்பப்பட்டபோது, காங்கேசன்துறையின் உறுப்பினரானவர் சு. நடேசபிள்ளை. தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர், சேர். பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராயிருந்த தமிழறிஞர். 1947ஆம் ஆண்டு வரை அரசாங்க சபையில் அவர் அத்தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தார்.

சோல்பரி அரசியலமைப்பின்கீழ் அமைந்த புதிய பாராளுமன்றத்துக்கு 1947ஆம் ஆண்டில் தேர்தல் வந்தது. 1944ஆம் ஆண்டில் ஜி. ஜி. பொன்னம்பலம் தலைமையில் தோன்றிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தொடக்க காலத் தூண்களுள் ஒருவராகச் செல்வநாயகம் விளங்கினார். அக்கட்சியின் வேட்பாளராகக் காங்கேசன்துறையில் நின்று, ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற நடேசபிள்ளையை வென்றார். தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அப்போது செல்வநாயகத்துக்கு வயது 49. வழக்கறிஞர் தொழிலின் உச்சத்தில் இருந்த ஒருவர், வருவாய் தராத அரசியலுக்குள் நுழைந்தார்.

பிறருடைய உரிமைக்காக

சுதந்திரம் கிடைத்து ஆறு மாதங்கள் கழிந்ததும் குடியுரிமை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்றுப் பத்திரம் காட்ட இயலாத நிலையில், ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அவ்வாறு ஆக்கப்பட்டோர் ஏறக்குறைய 7 இலட்சம் பேர். அடுத்து, இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கான சட்டம் வந்தது. அது விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிவகுத்ததேனும், விதித்த நிபந்தனைகள் ஏழைத் தொழிலாளி ஒருவர் எளிதில் நிறைவுசெய்யக் கூடியவையாக இருக்கவில்லை.

முதற் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. ஆனால் பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டு செப்டெம்பரில் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்தார். இரண்டாம் சட்டத்தின்போது அரசாங்கத்தோடு நின்றார். செல்வநாயகமும், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும், மூதவை உறுப்பினர் வைத்திய கலாநிதி இ. மு. வி. நாகநாதனும் அவரைப் பின்பற்ற மறுத்தனர்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். மலையகத் தொழிலாளருள் ஒருவர்கூடக் காங்கேசன்துறையின் வாக்காளர் அல்லர். அந்த மக்களின் வாக்குரிமை போவதால் அத்தொகுதி வாக்காளருக்கு நேரடியான நட்டம் எதுவும் இல்லை. அமைச்சரோடு ஒத்துப்போனால் நன்மைகள் உண்டு. ஆயினும் செல்வநாயகம் அச்சட்டத்தை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு படித்தார். பிறப்பாலும் உழைப்பாலும் ஒரு நாட்டுக்கு உரியவரை, பத்திரம் இல்லை என்ற காரணத்தால் அந்நியராக்க ஒரு பாராளுமன்றத்தால் முடியுமானால், நாளை அதே பெரும்பான்மை வேறெதையும் செய்யும் என்று அவர் கண்டார். மொழிக்கும் நிலத்துக்கும் அடுத்து ஆபத்து வரும் என்ற அவருடைய எச்சரிக்கை எட்டு ஆண்டுகளுக்குள் மெய்யாயிற்று.

1949ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பெற்றது. செல்வநாயகம் அதன் தலைவரானார். சமஷ்டி ஆட்சி, மலையகத் தமிழரின் குடியுரிமை, தமிழுக்குச் சம உரிமை, தமிழ்ப் பிரதேசங்களில் அரசு நடத்திய குடியேற்றத்தை நிறுத்தல் என்பன அக்கட்சியின் கோரிக்கைகளாக உருப்பெற்றன. அதன் முதலாவது தேசிய மகாநாடு 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் திருகோணமலையில் கூடியது.

1952இன் தீர்ப்பு

அடுத்த பொதுத் தேர்தல் 1952ஆம் ஆண்டில் நடந்தது. அதற்குள் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்துவிட்டது. 1950ஆம் ஆண்டளவில் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தின் பேறுகளுள் ஒன்று. அரசோடு ஒத்துழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதன் புகைபோக்கி கண்கண்ட சான்றாக நின்றது. செல்வநாயகத்திடம் காட்டுவதற்குக் கட்டடம் எதுவுமில்லை. அவரிடம் இருந்தது ஒரு கொள்கை. அதுவும் மலைநாட்டில் வாழும் வேறு மக்களைப் பற்றியது. சமஷ்டி என்ற, அன்று பலருக்குப் புரியாத சொல்லைப் பற்றியது. சைவர் பெரும்பான்மையாக வாழும் தொகுதியில் அவர் கிறிஸ்தவர் என்பதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது.

வாக்காளர் நடேசபிள்ளையையே தெரிவுசெய்தனர். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயில் வன்னியசிங்கத்தின் ஆசனமும் திருகோணமலையில் இராசவரோதயத்தின் ஆசனமும் மட்டுமே. நடேசபிள்ளை பின்னர் சேர். ஜோன் கொத்தலாவலையின் அமைச்சரவையில் இடம்பெற்றார். அதே தேர்தலில் மலையகத் தமிழரின் நிலை இன்னும் துயரமானது. 1947ஆம் ஆண்டில் 7 உறுப்பினர்களை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952ஆம் ஆண்டில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. வாக்காளர் பட்டியலிலேயே அவர்களின் பெயர்கள் இல்லை. தமக்காகக் குரல் கொடுத்தவர் தோற்றபோது, அவருக்கு வாக்களித்து உதவும் நிலையிலும் அவர்கள் இருக்கவில்லை.

தோற்ற செல்வநாயகம் தொகுதியையும் விடவில்லை, கட்சியையும் கலைக்கவில்லை. வழக்குமன்றத்தில் உழைத்துக்கொண்டே ஊர் ஊராகச் சென்று கட்சியை வளர்த்தார். 1955ஆம் ஆண்டளவில் தெற்கின் இரு பெருங் கட்சிகளும் சிங்களம் மட்டும் என்ற முழக்கத்துக்குத் திரும்பியபோது, சமஷ்டி என்ற சொல்லின் பொருள் காங்கேசன்துறை வாக்காளருக்கு விளங்கிற்று. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வென்றார். கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. அன்று முதல் அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை.

இரண்டு ஒப்பந்தங்கள்

1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தனிச்சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தபோது, காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் அவர்களைத் தாக்கினர். கையில் எதுவுமின்றி அடிவாங்கியோர் நடுவே வயது 58 ஆன செல்வநாயகமும் இருந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள், பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். பிரதேச சபைகள், வட கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்தில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் என்பன அதன் சாரம். கேட்ட சமஷ்டி அதில் இல்லை. எனினும் பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது, ஜே. ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை தொடங்கினார். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது. செல்வநாயகம் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்.

1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயம் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகுதிகளை 7இலிருந்து 11ஆக உயர்த்தியது. உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி என்பன புதிதாக வந்தன. காங்கேசன்துறையின் உறுப்பினர் மாறவில்லை. 1960ஆம் ஆண்டு மார்ச்சிலும் யூலையிலும் நடைபெற்ற இரு தேர்தல்களிலும் அவரே வென்றார். 1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. வட கிழக்கு எங்கும் அது பரவி அரச நிர்வாகத்தை முடக்கியது. ஏப்ரல் 14ஆம் நாள் தமிழரசு அஞ்சற் சேவை தொடங்கப்பெற்றது. மூன்று நாள் கழித்து அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர்.

1965ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவோடு இரண்டாம் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. மாவட்ட சபைகள் அமைக்கப்படும் என்ற வாக்கை நம்பித் தமிழரசுக் கட்சி அரசில் பங்கேற்றது. செல்வநாயகம் தாம் அமைச்சுப் பதவி ஏற்கவில்லை, மு. திருச்செல்வம் மூதவையினூடாக அமைச்சரானார். மாவட்ட சபை மசோதா 1968ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே திருச்செல்வம் விலகினார். கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. இங்கே மறைக்கக் கூடாத முரண் ஒன்றும் உண்டு. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறீமா சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டில், தமிழரசுக் கட்சி பங்காளியாயிருந்த அந்த ஆட்சியிலேயே நிறைவேறியது. எந்த மக்களுக்காகக் கட்சி பிறந்ததோ, அந்த மக்களின் கதி அக்கட்சியின் கைக்கு எட்டாமலே தீர்மானிக்கப்பட்டது.

மாவிட்டபுரத்தின் வாசலில்

தொகுதியின் உள்ளேயும் ஒரு நீதி காத்திருந்தது. 1968ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் சென்று வழிபடும் உரிமை கேட்டு வாசலில் அமர்ந்தனர். ஒருகாலத்தில் அமைச்சராயிருந்த கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுக்கும் அணிக்குத் தலைமை தாங்கினார். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தும், கோயிற் கதவு திறக்கவில்லை.

செல்வநாயகம் தீண்டாமையை ஏற்றவரல்லர்; அதை ஒழிப்பதைக் கட்சி தன் கொள்கையாகவே கொண்டிருந்தது. ஆயினும் மாவிட்டபுரத்தில் கட்சி காட்டிய தயக்கம் அந்நாளிலேயே கண்டிக்கப்பட்டது. உயர்சாதி வாக்கு ஒரு பக்கம். பிறப்பால் கிறிஸ்தவரான ஒருவர் சைவக் கோயில் விவகாரத்தில் தலையிடுவது எவ்வாறு என்ற சங்கடம் இன்னொரு பக்கம். காரணம் எதுவாயினும், தொலைவில் உள்ள மலையகத்தாருக்காக 1948ஆம் ஆண்டில் காட்டிய உறுதி, 1968ஆம் ஆண்டில் தம் தொகுதியின் கோயில் வாசலில் அமர்ந்தோருக்கு அதே அளவில் கிடைக்கவில்லை என்பதை வரலாறு பதிந்தே வைத்திருக்கிறது. பெரியவரைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சமத்துவம் கோரும் ஓர் இனம் தன் வீட்டுக்குள் சமத்துவத்தை மறுக்கும்போது, அதன் கோரிக்கையின் வலிமை குன்றுகிறது.

துறந்த ஆசனம்

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் செல்வநாயகம் மீண்டும் வென்றார். ஐக்கிய முன்னணி அரசு புதிய அரசியலமைப்பை ஆக்க முனைந்தது. அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்கள் ஒவ்வொன்றாக நிராகரிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டு ஜூனில் அக்கட்சி வெளியேறியது. அக்காலத்திலேயே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்து, தகுதி பெற்ற தமிழ் மாணவர் பலரின் வழியை அடைத்தது. 1972ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு, சிங்களத்தை அரச மொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவை நீக்கியது. அதற்குச் சில நாள் முன், மே 14ஆம் நாள், திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவாயிற்று. 1949ஆம் ஆண்டில் பிரிந்த செல்வநாயகமும் பொன்னம்பலமும் மீண்டும் ஒரே மேடைக்கு வந்தனர்.

1972ஆம் ஆண்டு ஒக்டோபரில் செல்வநாயகம் தம் ஆசனத்தைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பதை இடைத்தேர்தலில் கேட்டறியலாம். தாம் தோற்றால் தம் கொள்கையைக் கைவிடத் தயார் என்பதே அவர் விடுத்த அறைகூவல். அப்போது அவருக்கு வயது 74. பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்தியிருந்தது, செவிப்புலன் குன்றியிருந்தது, குரல் அருகிருப்போருக்கே கேட்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கூட்டங்களில் அவர் மெல்லச் சொல்வதை அருகில் நிற்போர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அரசு இடைத்தேர்தலை நடத்தவில்லை. பாதுகாப்பு நிலைமை காரணமாகக் காட்டப்பட்டது. மாதங்கள் ஆண்டுகளாயின. 1931ஆம் ஆண்டில் மக்களின் பகிஷ்காரத்தால் வெற்றிடமாயிருந்த காங்கேசன்துறை, இப்போது அரசின் விருப்பத்தால் வெற்றிடமாயிற்று. தீர்ப்புக் கேட்டு வழக்கறிஞர் காத்திருக்க, நீதிமன்றம் கூட மறுத்தது போன்றது அது. அந்த இடைவெளியில், 1974ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதி நாளில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் பலியாயின. வாக்குப்பெட்டியை நம்பிக் காத்திருந்த முதியவரைச் சூழ்ந்து, வாக்குப்பெட்டியில் நம்பிக்கை இழந்த ஓர் இளைய தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. அந்த 28 மாதத் தாமதம் ஓர் ஆசனத்தைப் பற்றியது மட்டுமன்று.

இறுதியில் 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. அரசு ஆதரித்த கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளைப் பெற்றார். செல்வநாயகம் 25,927 வாக்குகளைப் பெற்றார். பெரும்பான்மை 16,470. அத்தீர்ப்பைத் தமிழரின் இறைமையை மீட்பதற்கான ஆணையாகக் கொள்வதாக அவர் அறிவித்தார். 1976ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், அவருடைய தலைமையில், தமிழர் விடுதலைக் கூட்டணி தனி அரசைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு நாட்டுக்குள் ஒன்றாக வாழ வழிதேடி 25 ஆண்டுகளுக்கு மேல் வாதாடிய சமஷ்டிவாதி, வாழ்வின் மாலையில் வந்து சேர்ந்த இடம் அது.

அதே ஆண்டில் அமிர்தலிங்கம் முதலானோர் மீது கொழும்பில் தொடரப்பட்ட, நடுவர் குழுவின்றி மூன்று நீதியரசர் விசாரித்த வழக்கில், செல்வநாயகமும் ஜி. ஜி. பொன்னம்பலமும் எதிரிகளுக்காக ஒரே அணியில் தோன்றினர். 1977ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பொன்னம்பலம் மலேசியாவில் காலமானார். ஏப்ரல் 26ஆம் நாள் செல்வநாயகம் யாழ்ப்பாணத்தில் காலமானார். யாழ்ப்பாணத்தவர் மலேசியாவிலும், மலாயாவில் பிறந்தவர் யாழ்ப்பாணத்திலும் கண்மூடினர். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே எழுந்த நினைவுத் தூபி இன்றும் தந்தை செல்வாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தொகுதியின் முடிவு

1977ஆம் ஆண்டு யூலையில் நடைபெற்ற தேர்தலில் காங்கேசன்துறையின் மூன்றாம் உறுப்பினராக அ. அமிர்தலிங்கம் தெரிவானார். கூட்டணி 18 ஆசனங்களைப் பெற, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. ஆனால் 1982ஆம் ஆண்டு டிசெம்பரில் நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டதால், பழைய தொகுதிகளும் கூடவே நீடித்தன. 1983 யூலைப் படுகொலைகளுக்குப் பின், ஓகஸ்டில், பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யக் கோரும் ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணியினர் சத்தியம் செய்யாது சபையைப் பகிஷ்கரித்தனர். ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். காங்கேசன்துறை மூன்றாம் முறையாக வெற்றிடமாயிற்று. இம்முறை அது நிரப்பப்படவே இல்லை. 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் மாவட்ட அடிப்படையில் நடந்தபோது தொகுதி சட்டப்படி மறைந்தது. அவ்வாண்டு யூலை 13ஆம் நாள் அதன் கடைசி உறுப்பினரான அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தொகுதி மறைந்த மறு ஆண்டே அதன் மக்களும் மறைந்தனர். 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறிச்சோடி, உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. முகாம்களில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து மணமும் முடித்தனர். போர் முடிந்த பின்னரே நிலங்கள் சிறிது சிறிதாகத் திரும்பக் கிடைத்தன. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 2015ஆம் ஆண்டு ஜனவரியிலும், மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் 2017ஆம் ஆண்டு யூலையிலும் மீண்டன. மயிலிட்டியார் காத்திருந்தது 27 ஆண்டுகள்.

செல்வநாயகத்தின் அரசியல் வெற்றியா தோல்வியா என்ற விவாதம் ஓயாது. கையொப்பமிட்ட இரண்டு ஒப்பந்தங்களும் கிழிந்தன. கேட்ட சமஷ்டி கிடைக்கவில்லை. இறுதியில் கோரிய அரசும் அமையவில்லை. ஆனால் அவர் அரசியலின் தொடக்கத்தை நினைவில் கொள்வோர் வேறொன்றையும் நினைக்க வேண்டும். பத்திரம் இல்லை என்பதற்காக மனிதரை நாடற்றவராக்கும் சட்டத்தை, அதனால் பாதிக்கப்படாத ஒருவர் எதிர்த்தார், அதற்காகப் பதவி வாய்ப்பை விட்டார், தோல்வியையும் ஏற்றார். அன்று அந்தப் பத்திரத்தின் பெறுமதி தெல்லிப்பழைத் தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று குடிவரவு அலுவலகங்களின் வரிசைகளில் நின்று, விசா முத்திரைக்கும் அகதி அட்டைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். நம்மில் பலர் வந்தடைந்த நாடுகளின் குடியுரிமையைப் பெற்று வாக்காளராகிவிட்டோம். அடுத்த வரிசையில் நிற்பவர் வேறு மொழியினராகவும் வேறு நிறத்தினராகவும் இருக்கலாம். நம் வாக்கால் அவருக்கு வரும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.

மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. அப்போது செல்வநாயகம் மறைந்து 26 ஆண்டுகளும், காங்கேசன்துறைத் தொகுதி மறைந்து 14 ஆண்டுகளும் கடந்திருந்தன. 1952ஆம் ஆண்டில் அத்தொகுதி வாக்காளர் தள்ளுபடி செய்த வழக்கு, அரை நூற்றாண்டு கழித்து, வழக்கறிஞர் இல்லாமலே வென்றது.